அந்த மலையில் ஆடு கிடையாது

ஹார்லன் டீட்ரிக் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் வடிவியல் கற்றுக்கொடுத்தவர். வட்டம், வில், நாண் என்று கரும்பலகை தேயத் தேய எழுதியவர். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டுத் தரைக்கு அடியிலுள்ள பேஸ்மென்ட்டில், தானே கட்டிய குகைக்குள் தானே வாங்கிய ரயில் பெட்டி நுழையாமல் மாட்டிக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நின்றார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

மாட்டியது சும்மா பெட்டி இல்லை. பென்சில்வேனியா ரயில்வேயின் கருஞ்சிவப்புப் பயணிகள் பெட்டி. உண்மையான பெட்டியை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கியது. அப்படிச் சுருக்கியும் ஒரு அடி நீளம் வரும். இதைப் போல எட்டுப் பெட்டி வைத்திருந்தார். கைப்பிடிக் கம்பிகளைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தலைமுடி போன்ற கம்பியில் வளைத்துப் புதிதாக ஒட்டியிருந்தார். சாப்பாட்டுப் பெட்டியின் மேசை ஒவ்வொன்றிலும் விளக்கு எரியும். ஒரு மேசையில் சூப் கிண்ணம்கூட உண்டு. கூரையைக் கழற்றினால்தான் அது தெரியும். கூரையை அவர் பசை போட்டு ஒட்டிவிட்டார் என்பது வேறு கதை.

பழைய தண்டவாளத்தின் வளைவு குறுகல் என்பதால் அந்த எட்டும் பல வருடமாக மெல்லிய காகிதத்தில் சுற்றி அலமாரியில் தூங்கின. ஓய்வு பெற்றதும் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு, அகலமான வளைவு வைத்துப் புதிதாகக் கட்டினார். அந்த வளைவின் மேல் மலை, மலைக்குள் குகை. வருகிற சனிக்கிழமை, இதே பித்துப் பிடித்த பொம்மை ரயில் சங்கத்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே என்று புதன்கிழமை காலை அலமாரியைத் திறந்தார். இன்ஜின் உள்ளே போனது. முதல் பெட்டியின் வயிறு குகை வாசலின் உள்பக்கச் சுவரில் இடித்து நின்றது.

வளைவில் போகும் நீளப் பெட்டி வட்டத்துக்குள் விழும் நாண் மாதிரி. நடுப்பகுதி உள்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். இது ஒன்பதாம் வகுப்புப் பாடம். போதாக்குறைக்கு, சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருடாவருடம் ஹார்லன் ஒரு சொற்பொழிவு வேறு ஆற்றுவார்: "குகை கட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட இருக்கறதிலேயே நீளமான பெட்டியை ஓட்டிப் பாருங்க." அவர் தன் குகையைக் கட்டிய அன்று நீளப் பெட்டியெல்லாம் அலமாரியில் இருந்தது. எழுந்து போகச் சோம்பல்பட்டு, கைக்கெட்டிய பழுப்புநிறச் சரக்குப் பெட்டி ஒன்றை வைத்து அளந்தார். அது பாதி நீளம்தான். வளைவில் சமத்தாகப் போய்விட்டது.

'முட்டாளுக்கு முட்டாள், அதிலும் பாடம் நடத்துகிற முட்டாள்' என்று ஹார்லன் தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டார்.

வாசலை உள்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குச் செதுக்கினால் விஷயம் முடிந்தது. ரம்பம் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஆனால் அந்த மலைக்கு வண்ணம் தீட்டியது நோரீன்.

நோரீன் அவர் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து பேஸ்மென்ட்டுக்குத் துணி துவைக்க மட்டுமே வந்தவள். இயந்திரத்தில் துணியைப் போடுவாள், திரும்பிப் பார்க்காமல் படியேறுவாள். சாப்பாட்டு மேசையில் அவர் பெட்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு" என்பாள். வேலையிலிருந்து அவளும் ஓய்வு பெற்ற பிறகு, செப்டம்பரில் ஒரு சாயங்காலம், துணிக்கூடையோடு நின்று அந்த வெள்ளைப் பிளாஸ்டர் மேட்டைப் பார்த்தாள்.

"இதுக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா, இல்ல மேல தயிரைக் கொட்டின மாதிரி இப்படியேதான் இருக்குமா?"

"நீ அடிக்கிறியா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள். அவள் பாறைக்குச் சாம்பல் நிறம் பூச, அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் யாரோ எடுத்த அசல் மலையின் புகைப்படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்க கொஞ்சம் கருப்பு, அங்க மரம் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவள் கடையிலிருந்து பொம்மை ஆடு வாங்கி வந்து பாறை மேல் வைத்தாள். படத்தில் ஆடு இல்லை. ஹார்லன் பூதக்கண்ணாடி வைத்து மறுபடி தேடிவிட்டு, வருத்தத்தோடு ஆட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அந்த இரண்டு மாதம் போல அவர் சந்தோஷமாக இருந்ததே இல்லை. வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததே ஒழிய, அதுதான் உண்மை. அவள் கைப்பட ஒவ்வொரு கல்லாக வரைந்த வாசலில் ரம்பத்தை வைத்தால், மறுநாளிலிருந்து நோரீன் பழையபடி துணியோடு வந்து துணியோடு போய்விடுவாள் என்று அவர் நினைத்தார். மலை போனால் போகட்டும். நோரீன் மேலே போய்விடக் கூடாது.

பெட்டியை மெல்ல உருவி எடுத்து, சுரண்டிய இடத்தைத் துடைத்தார். ரயில் இல்லாமல் சனிக்கிழமையை நடத்த முடியாது. குட்டைப் பெட்டிகள் இருந்தால் குகையில் நுழையும். அது யாரிடம் இருக்கிறது என்று நினைத்ததும், கோட்டை எடுத்து மாட்டி, மறுபடி கழற்றி வைத்தார்.

மைலோ கோவாலிக்கிடம் இருந்தது.

மைலோ இறைச்சிக்கடை வைத்திருப்பவர், சங்கத்தில் பழைய ஆள். அவர் வீட்டு வளைவு சின்னது. அதற்காகவே கடைகளில் நீளத்தைக் குறைத்துச் செய்த பெட்டிகள் விற்பார்கள். எல்லாம் சரியாக இருக்கும், ஜன்னல் மட்டும் இரண்டு குறையும். மைலோ அவற்றைச் சங்கத்துக்குக் கொண்டுவரும் போதெல்லாம் ஹார்லன் பூதக்கண்ணாடியை எடுத்து, எல்லார் காதிலும் விழும்படி ஜன்னலை எண்ணுவார். எண்ணிவிட்டு, "மைலோ, மீதி ரெண்டு ஜன்னல் எங்க? காசுக்கு வித்துட்டியா?" என்பார். இருபது வருடமாக அதே நகைச்சுவை. ஒரு தடவைகூட அது பழசாகிவிட்டதாக அவருக்குத் தோன்றியதில்லை.

கடையில் மைலோ பன்றித்தொடைக் கறியை மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தார். ஹார்லன் அரைப் பவுண்டு கறி கேட்டார். பிறகு வானிலையைப் பற்றிப் பேசினார். பிறகு இன்னும் அரைப் பவுண்டு கேட்டார்.

"வாத்தியாரே, உன் வீட்டுல ரெண்டே பேர்," என்றார் மைலோ. "எதுக்கு வந்தேன்னு சொல்லு."

சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மைலோ இயந்திரத்தை நிறுத்திவிட்டார். சிரிக்கும்போது விரல் போய்விடுமே என்ற பயம்.

"எதை வச்சு அளந்த? சரக்குப் பெட்டியை வச்சா? நீயா?"

"நான்தான்."

"இன்னொரு வாட்டி சொல்லேன். காது குளிரக் கேட்டுக்கறேன்."

"சரக்குப் பெட்டியை வச்சு அளந்தேன். போதுமா?"

"மலையை வெட்டித் தொலைக்க வேண்டியதுதானே? வேணும்னா நான் வந்து வெட்டறேன், வெட்டறதுதானே நம்ம தொழில்."

"அது நோரீன் பண்ணின மலைப்பா."

மைலோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு நிமிடம் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பேஸ்மென்ட் உண்டு, மனைவியும் உண்டு. மனைவி மேலேதான் இருக்கிறாள்.

"என்கிட்ட இருக்கற எட்டையும் எடுத்துட்டுப் போ," என்றார். "ஒரே ஒரு கண்டிஷன். யாராவது யார் பெட்டின்னு கேட்டா, மைலோவோடதுன்னு சொல்லணும். சத்தமா."

சனிக்கிழமை பேஸ்மென்ட் நிறைந்துவிட்டது. நோரீன் கிரீம் வைத்த சாக்லேட் கேக்கும் சாண்ட்விச்சும் செய்து வைத்திருந்தாள். சாண்ட்விச்சில் கறி வழக்கத்தைவிட நிறையவே இருந்தது. வந்தவர்கள் மலையைச் சுற்றி நின்று பாராட்டினார்கள். அவள் கழுத்துவரை சிவந்துபோய், "அவர்தான் சொல்லிக்கொடுத்தார்" என்றாள். ஹார்லன் வளைவுக்கு மேலிருந்த விளக்கை மட்டும் கழற்றி வைத்திருந்தார். யாரோ ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்டதற்கு, சாயங்கால நேரம் போலத் தெரியத்தான் என்று புளுகினார்.

முதலில் சரக்கு ரயில் விட்டார். நிலக்கரி வேகன்கள், தொட்டி வேகன்கள், அந்தத் துரோகிப் பழுப்புப் பெட்டி எல்லாம் குகைக்குள் போய் மறுபக்கம் வந்தன. அடுத்துப் பயணிகள் ரயில். கருஞ்சிவப்பில் எட்டுப் பெட்டி, சீராக, இடிக்காமல், உரசாமல் உள்ளே போனது. ஹார்லன் மூச்சு விட்டார்.

பேச்சு மெல்ல அடங்கியது. சங்கத்து ஆட்களுக்குக் கண் இருக்கிறது. ஒருவர் இன்னொருவரை முழங்கையால் இடித்தார். இரண்டு பேர் கூரையைப் பார்த்தார்கள். மூலையில் மைலோ கேக் தின்றுகொண்டே காத்திருந்தார். ஆனால் கேள்வி அங்கிருந்து வரவில்லை.

"ஹார்லன்," என்றாள் நோரீன், காப்பிக் குவளையோடு. "இதுல ரெண்டு ஜன்னல் குறையுதே?"

இத்தனை வருடம் உருளைக்கிழங்கைத் தள்ளச் சொன்னவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். ஹார்லனுக்கு அது பெருமையா அவமானமா என்று புரியவில்லை. இரண்டும் சேர்ந்து காதுவரை சூடேறியது.

"இது மைலோவோட பெட்டி," என்றார் சத்தமாக. கூட்டம் வெடித்துச் சிரித்தது. "ஜன்னலை வித்துட்டீங்களா வாத்தியாரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மைலோ தலைகுனிந்து வணக்கம் சொன்னார்.

"உன்னோடது எங்க?" நோரீன் விடவில்லை.

இனிப் பூசி மெழுக ஒன்றும் இல்லை. "என்னோடது நுழையல. வாசலை நான்தான் தப்பா அளந்துட்டேன். செதுக்கணும்னா உன் மலையை உடைக்கணும். எனக்கு மனசு வரல."

அவள் குவளையைக் கீழே வைத்தாள். நேராகச் சுவருக்குப் போய் ரம்பத்தை எடுத்தாள். "எங்க இடிக்குது? காட்டு."

ஹார்லன் குறுக்கே பாய்ந்து மலைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். அந்த நிலையில் தான் எப்படித் தெரிவோம் என்று அவருக்கே தெரிந்தது. பிளாஸ்டர் மேட்டுக்குக் காவல் நிற்கும் கிழவன். இருந்தாலும் நகரவில்லை.

"வேண்டாம் நோரீன். இது உன் மலை."

"என் மலையா?" அவள் குரல் உயர்ந்தது. "இதுல என்னோடது என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம். பாறையை மூணு தடவை அழிச்சு அடிக்கச் சொன்ன. மரம் எங்க வைக்கணும்னு படத்தைக் காட்டின. ஒரே ஒரு ஆடு வச்சேன். அதையும் எடுத்துக் கையில குடுத்துட்ட. எனக்கு இந்த மலையைப் பார்த்தாலே எரிச்சல் வருது."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப எதுக்குத் தினமும் வந்த?" என்று கேட்டார் ஹார்லன்.

"உன் பக்கத்துல உட்காரத்தான். மலைக்காக யாராவது படி இறங்கி வருவாங்களா? மேல நீ பேசறதெல்லாம் ரயிலைப் பத்தி. இங்க வந்தா என்கிட்ட பேசற. தள்ளு."

தள்ளிக்கொண்டார். வடிவியல் வாத்தியார் தப்பாகக் கணக்குப் போட்டது குகையை மட்டும் அல்ல. இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்தவளையும் சரக்குப் பெட்டியை வைத்தே அளந்திருக்கிறார். பென்சிலால் சுவரில் கோடு போட்டுக் காட்டினார். நோரீன் அறுத்தாள். கொஞ்சம் அதிகமாகவே, கோட்டைத் தாண்டி, ஆசை தீர அறுத்தாள். வெள்ளைத் தூள் கேக்கின் மேல் விழுந்தது. மைலோ அதை ஊதிவிட்டுத் தின்றார்.

மலை மறுபடி எழ டிசம்பர் ஆனது. இந்த முறை அந்தப் புகைப்படம் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. பாறை கொஞ்சம் ஊதா நிறத்தில் வந்தது. ஹார்லன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, பள்ளிக்கூடக் கதை, பக்கத்து வீட்டுக்காரன் கதை என்று பேசினார். பேச ஒன்றும் இல்லாதபோது தூரிகை கழுவிக் கொடுத்தார். ஒரு நாள் நோரீன் எதுவும் சொல்லாமல் பாறை உச்சியில் ஆடுகளை வைத்தாள். மூன்று. இந்த ரயிலின் அளவோடு ஒப்பிட்டால் அவை குதிரை உயரம் வரும். ஹார்லன் வாயைத் திறந்தார்.

"என்ன?" என்றாள்.

"நடு ஆட்டைக் கொஞ்சம் முன்னாடி வையேன். ரயில் வரும்போது நல்லாத் தெரியும்."

புது வருடம் பிறந்த பிறகு சங்கத்து ஆட்கள் மறுபடி வந்தார்கள். முழு நீளப் பெட்டிகள் எட்டும் விளக்கெரிய, ஒரு ஜன்னல் குறையாமல் குகைக்குள் போய் வெளியே வந்தன. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. மைலோ சட்டைப்பையிலிருந்து புத்தம் புதுப் பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து, மலை உச்சிக்கு நேராகப் பிடித்து, எல்லார் காதிலும் விழும்படி எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. ஏன் வாத்தியாரே, ஐம்பத்திரண்டுல அந்த மலையில ஆடு ஏது? உன் படத்துல ஒண்ணுகூட இல்லியே?"

நோரீன் காப்பி ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள். ரயில் பெட்டியின் ஒரு ஆணி விஷயத்தில்கூட வாழ்நாளில் பொய் சொல்லாத ஹார்லன் டீட்ரிக் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருந்துச்சு," என்றார். "படம் எடுத்த அன்னிக்கு அந்தப் பக்கம் மேயப் போயிருந்துச்சு."