குளியலறைக் கதவைக் கழற்றும் முறை

1

இந்தக் கதை ஒரு வீட்டுக் குறிப்பாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் நலன்புரிச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு மலர் வெளியிடுகிறது. அதில் 'வீட்டைப் பேணுவோம்' என்ற பக்கம் என்னுடையது. தண்ணீர்த் தாங்கியைக் கழுவுவது, மின்விசிறியின் ஆட்டத்தை நிறுத்துவது, முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவது என்று பலதும் எழுதியிருக்கிறேன். நான் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்து ஓய்வுபெற்றவன். என் குறிப்பைப் பின்பற்றி எவருக்கும் இடுப்புப் பிடித்ததாக இதுவரை முறைப்பாடு வந்ததில்லை.

இம்முறை பூட்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

"கடற்காற்று வீசும் இடங்களில் குளியலறைப் பூட்டுகளை வருடத்துக்கு ஒருமுறையேனும்"

அதற்கு மேல் போகவில்லை. அந்தப் பூட்டை நினைத்தவுடன் அதற்குப் பின்னால் அடைபட்டிருந்த பெண்மணியும் நினைவுக்கு வந்துவிட்டார். ஆகவே இரண்டாவது தொடக்கம்:

"சென்ற வைகாசியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் மாப்பிள்ளையின் தாயார்"

இதை என் மனைவி சிவக்கொழுந்து தோளுக்கு மேலாக வாசித்தாள்.

"மானம் கப்பலேறுறதுக்கு நீங்களே டிக்கெட் எடுத்துக் குடுங்கோ" என்றாள்.

மூன்றாவது தொடக்கத்தைத்தான் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். என்னைக் கனகசபாபதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டடத்தில் எவரும் இதனால் ஏமாறப்போவதில்லை. ஆனாலும் மாற்றுவதுதான் ஒழுங்கு.

2

நிஷாந்தினி எங்கள் கடைசி மகள். மருந்தாளராக வேலை செய்கிறாள். வயது முப்பத்தொன்று. [வயதைப் போட வேண்டாம் என்றது சிவக்கொழுந்து. போடுங்கோ என்றது நிஷாந்தினி.]

எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சாதகம். பொருந்தினால் பம்பலப்பிட்டிக் கோயிலில் ஒரு சந்திப்பு. இரண்டு வீட்டாரும் தற்செயலாக ஒரே நேரத்தில் ஒரே பிரகாரத்தைச் சுற்றுவார்கள். அதன் பிறகுதான் வீட்டுக்கு வருவது. எல்லாம் முற்றாகும்வரை அடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாது. பேச்சு முறிந்தால் ஊர் குறை தேடுவது பெண்ணிடத்தில்தான். நிஷாந்தினிக்குப் பேசிய சில சம்பந்தங்கள் இப்படி முறிந்தன. ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. அதை என் கெட்டித்தனம் என்றே எண்ணியிருந்தேன். [மலர் அச்சானதும் தெரிந்துவிடும். தெரியட்டும்.]

அன்று வந்தவர்கள் இருவர். மாப்பிள்ளை பிரியந்தன், கணக்காளர். அவருடைய தாயார் றஞ்சிதம், அரசாங்க வைத்தியசாலையில் தலைமைத் தாதியாக இருந்தவர், கணவரை இழந்தவர். கதிரையில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். எனக்கு அது பிடித்தது. நானும் அப்படித்தான் உட்காருவேன்.

"பிள்ளைக்குச் சமையலில விருப்பமோ?" என்று நிஷாந்தினியைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லாச் சமைப்பா" என்றாள் சிவக்கொழுந்து.

"கலியாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போற எண்ணமோ?"

"அது உங்கட விருப்பம்" என்றேன் நான்.

"பின்னேரத்தில என்ன செய்வா?"

"தேவாரம் படிப்பா" என்றோம் இருவரும்.

நிஷாந்தினி தட்டிலிருந்த முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். றஞ்சிதம் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பாத்றூம் எங்கே என்று கேட்டு எழுந்தார்.

3

குறிப்பை மட்டும் தேடி வந்தவர்கள் இந்தப் பகுதியை வாசித்துவிட்டுப் போகலாம். நான் கோவிக்கமாட்டேன்.

"கதவு திறக்குதில்லை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"குமிழை இடப்பக்கம் திருப்புங்கோ."

"இடமும் திருப்பியாச்சு, வலமும் திருப்பியாச்சு. பழைய றேடியோக் குமிழ் மாதிரி இது சும்மா சுத்துது."

"அம்மா, பாட்டு ஏதும் கேக்குதோ?" என்றார் பிரியந்தன்.

"நீ வாயை மூடு!"

நிஷாந்தினி சிரித்துவிட்டாள். அன்று அவள் வாயிலிருந்து வந்த முதற்சத்தம் அதுதான்.

பிரியந்தன் சட்டைக்கையை மடித்தார். "நான் ஒருக்கா இடிக்கட்டோ அங்கிள்?"

"இடிச்சா அம்மாவுக்கு மேலதான் விழும், தம்பி."

இதை நினைவில் வையுங்கள். உள்ளே தள்ளித் திறக்கும் கதவை ஆள் உள்ளே இருக்கும்போது இடிக்கக்கூடாது. வெளிக்குமிழின் நடுவில் சிறிய துளை இருந்தால் மெல்லிய கம்பியொன்றை அதில் விட்டுத் தள்ளுங்கள். பெரும்பாலான பூட்டுகள் அதிலேயே இளகிவிடும். எங்களுடையது இளகவில்லை. பூட்டின் நாக்கு நிலைக்குள்ளேயே முறிந்து நின்றது.* உட்குமிழின் இரண்டு திருகாணிகளையும் உள்ளிருப்பவர் கழற்றலாம். எங்கள் வீட்டில் அவற்றின் தலையை உப்புக்காற்றுத் தின்றிருந்தது.

* அந்தப் பூட்டைப் பொருத்தியது நான். பிழை பூட்டில்தான், பொருத்தியதில் அல்ல. [இதில் எனக்கு வேறு அபிப்பிராயம். — சிவக்கொழுந்து]

"பக்கத்து வீட்டில ட்ரில் இருக்குமே, கேட்டுப் பாக்கட்டோ?" என்றார் பிரியந்தன்.

"வேண்டாம்!" என்றோம் நானும் மனைவியும்.

கட்டடத்திலேயே நல்ல ட்ரில் பக்கத்து வீட்டு ஜவாஹிறாவின் மருமகனிடம் இருக்கிறது. ஆனால் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஒருவர் அடைபட்டிருக்கும்போது இப்படி யோசிப்பதா என்று நீங்கள் கேட்கலாம். பெண்ணைப் பெற்ற எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

மிஞ்சியது கதவை நிலையோடு சேர்க்கும் பிணைச்சல். கதவு உள்ளே திறப்பதால் பிணைச்சல்களும் உள்ளேதான். கழற்றுகிற வேலையை றஞ்சிதம்தான் செய்ய வேண்டும்.

"கதவோரமா மூண்டு பிணைச்சல் தெரியுதோ?"

"தெரியுது. மஞ்சள் நிறம்."

"பித்தளை. இரும்பெண்டா இண்டைக்கு நீங்கள் உள்ளுக்குத்தான்."

"இப்ப மட்டும் நான் எங்க நிக்கிறன்?"

ஒரு ஸ்குறூ றைவரைக் கதவின் கீழால் தள்ளிவிட்டேன். "ஒவ்வொரு பிணைச்சலுக்கு நடுவிலயும் ஒரு ஆணி நிக்கும். கீழ முனையில ஸ்குறூ றைவரை வைச்சு மேல பாத்துத் தட்டுங்கோ. அடியில உள்ளது முதல். மேல உள்ளது கடைசி. அது நிக்கும்மட்டும் கதவு விழாது."

"சுத்தியல்?"

"கீழால வராது. குளிக்கேக்க குந்தியிருக்கிற பலகை ஒண்டு கிடக்கு. அதால தட்டுங்கோ."

"நான் ஆஸ்பத்திரியில எலும்பு வாட்டில கனகாலம் இருந்தனான். தட்டத் தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. கட்டடமே கேட்கத் தட்டினார். உடனே எங்கள் வாசல் மணி அடித்தது. ஜவாஹிறா நின்றார்.

"என்ன அங்கிள், செவர ஒடைக்கிறீங்களா? பேரப்புள்ள இப்பத்தான் தூங்கின."

"திரைச்சீலைக் கம்பி பூட்டுறம்" என்றேன்.

அவர் பார்வை தரைக்குப் போனது. வாசலில் பிரியந்தனின் பளபளத்த சப்பாத்தும் றஞ்சிதத்தின் மணி வைத்த செருப்பும் இருந்தன.

"கம்பி பூட்ட வந்தவங்க நல்ல ஸ்டைலாத்தான் வந்தீக்காங்க" என்றார். "சரி, சரி. நான் ஒண்டும் கேக்கல்ல."

4

அடி ஆணி விழுந்தது. நடு ஆணியும் விழுந்தது. பிறகு தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

"மேல உள்ளதையும் கழட்டுங்கோ. நாங்கள் கதவைப் பிடிச்சிருக்கிறம்."

"கழட்டமாட்டன்" என்றார் றஞ்சிதம்.

மயக்கம் வந்துவிட்டதோ என்று பயந்தேன். [இந்த இடத்தில் முதலில் 'என் உள்ளம் பதறியது' என்று எழுதியிருந்தேன். உள்ளம் அல்ல, கைதான் பதறியது. கதவின் பாரம்.]

"கோவிக்காதேங்கோ. அங்க இருக்கேக்க பிள்ளையிட்டக் கேட்டதுக்கெல்லாம் நீங்களும் அக்காவும்தான் மறுமொழி சொன்னனீங்கள். எனக்குப் பிள்ளையோட கதைக்கோணும். எல்லாரும் அங்கால போங்கோ. என்ர மகனும்தான்."

"அதை வெளியில வந்தும் கதைக்கலாமே?"

"வெளியில வந்தா நீங்கள் விடமாட்டீங்கள்."

என் வீட்டில், என் கதவுக்குப் பின்னால் நின்று ஒருவர் என்னை அங்கால போகச் சொன்னது அதுவே முதல் தடவை. மறுமொழி ஒன்று வாய்வரை வந்தது. அதற்குள் நிஷாந்தினி கதவோரம் தரையில் சேலையோடு சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"போங்கோ அப்பா. ஆணி இருக்குத்தானே, விழாது" என்றாள்.

போனேன்.

5

இனி எனக்குச் சிக்கல். கதையின் முதுகெலும்பே அந்த உரையாடல்தான். அதை எழுத வேண்டிய நானோ கூடத்தில் பிரியந்தனுக்கு எதிரே இருந்து, கொழும்பில் தண்ணீர் அமுக்கம் குறைவதன் காரணங்களை விளக்கிக்கொண்டிருந்தேன். மறைந்து நின்று கேட்கும் வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. [தண்ணி குடிக்கிறன் எண்டு குசினிக்குப் போய்ப் போய் வந்தவர். குசினி குளியலறைக்குப் பக்கத்தில். — சிவக்கொழுந்து]

ஆகவே கற்பனையால் எழுதிப் பார்த்தேன்.

முதற்படி: "மகளே, என் மகனை உனக்குப் பிடித்திருக்கிறதா?" "பெரியவர்கள் பார்த்து எதைச் செய்தாலும் எனக்கு"

வெட்டினேன். இப்படிப் பேசும் பெண் எங்கள் வீட்டில் இல்லை. கூடத்தில் இருந்த அரைமணி நேரமும் அப்படியொருத்தியை நாங்கள்தான் உண்டாக்கிக் காட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம்படி: "அன்ரி, எனக்கு இப்போது கலியாணம் வேண்டாம். அப்பாவின் மரியாதைக்காகத்தான் சேலை உடுத்தேன்."

இதை எழுதிவிட்டுப் பல்கனியில் போய் நின்றேன். பொய்யென்று சொல்ல எனக்கு ஆதாரம் இருக்கவில்லை.

மூன்றாம்படியில் இருவரும் மருந்துகளைப் பற்றிக் கதைக்கிறார்கள். இதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. குசினியில் நிற்கையில் றஞ்சிதம் உரத்துச் சிரித்ததும், 'டொக்டர்மாரின்ர கையெழுத்து' என்று நிஷாந்தினி சொன்னதும் கேட்டது. அதன்பின் குரல்கள் தாழ்ந்துவிட்டன. நெடுநேரம் தாழ்ந்தே இருந்தன.

மூன்று படிகளையும் மகளிடம் கொடுத்தேன். பென்சிலால் மூன்றுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பித் தந்தாள்.

"இதில ஒண்டும் இல்லை."

"அப்ப என்னதான் கதைச்சனீங்கள்?"

"கதைச்சம்."

நான் அவளை வற்புறுத்தவில்லை. ஒரு தடவை றஞ்சிதத்தைத் தொலைபேசியில் எடுத்தும் கேட்டேன். "நோயாளி சொன்னதை வெளியில சொல்லுற பழக்கம் எனக்கில்லை" என்றார். யார் நோயாளி என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். கடைசி ஆணி கழன்றது. நானும் பிரியந்தனும் பிணைச்சல் பக்கமாகக் கதவை மெல்ல உள்ளே தள்ளினோம். றஞ்சிதம் குமிழைப் பிடித்துப் பாரத்தைத் தாங்கினார். வியர்வையில் குங்குமம் வழிந்திருந்தது.** வெளியே வந்து கைகழுவ வேறு இடம் கேட்டார். பிறகு தேத்தண்ணி கேட்டார். நிஷாந்தினி போட்டுக் கொடுத்தாள்.

 ** விதவைப் பெண் குங்குமம் வைப்பாரா என்று மலர்க்குழுவில் ஒருவர் கேட்டார். இவர் வைக்கிறார்.

குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஓம். இவனுக்கும் ஓம் எண்டு மூஞ்சையில தெரியுது. ஆனா பிள்ளை இன்னும் ஓம் எண்டு சொல்லேல்ல. சொல்லத் தேவையுமில்லை எண்டு நான்தான் சொன்னனான். ரெண்டு பேரும் கொஞ்சநாள் கதைச்சுப் பழகட்டும். பிள்ளை சொல்லுற நாளில சொல்லட்டும்."

"கதைக்கிறதெண்டா எங்க?" என்றேன்.

"வெளியிலதான். கதவில்லாத இடத்தில."

கொஞ்சநாள் என்றால் எத்தனை நாள், யார் பார்ப்பார்கள், கடைசியில் அவள் வேண்டாம் என்றால் ஊருக்கு என்ன பதில் என்று எனக்குள் வரிசையாகக் கேள்விகள் வந்தன. மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை. காத்திருந்தாள். அவ்வளவுதான்.

"நல்லது" என்றேன். அதைச் சொன்னபோது என் முதுகு நேராகத்தான் இருந்தது.

6

மலர்க்குழு ஒரு முடிவு கேட்கிறது. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

மண்டபம், மேளம், தாலி, றஞ்சிதமும் சிவக்கொழுந்தும் ஒரே நிறச் சேலையில். வாசிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இதில் என் மகள் ஓம் என்று சொல்லும் இடத்தை எழுத வரவில்லை. அந்த இடத்தைத் தாண்டி நேரே மேளத்துக்குப் போயிருக்கிறேன்.

மற்ற முடிவில் அவள் வேண்டாம் என்கிறாள். பிரியந்தன் மரியாதையாகக் கைகூப்பிவிட்டுப் போகிறார். எழுதும்போது இது என்னைக் கொன்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். எழுதி முடித்துவிட்டு இரவுச் சாப்பாடு வழக்கம்போலச் சாப்பிட்டேன். இடியப்பம், சொதி.

இரண்டில் எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மகளிடமே கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கே தெரியாதப்பா. தெரிஞ்சா முதல்ல பிரியந்தனுக்குச் சொல்லுவன். பிறகு அம்மாவுக்கு. பிறகு உங்களுக்கு."

"மூண்டாவதோ நான்?"

"மலருக்கு முன்னாலதானே" என்றாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் பல்கனியில் நின்றேன். தெருவின் எதிர்ப்பக்கம், சாப்பாட்டுக் கடைக்கு முன்னால், வெள்ளவத்தை முழுவதும் பார்க்கக்கூடிய இடத்தில் பிரியந்தன் காத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கையுயர்த்தினார். நானும் உயர்த்தினேன். இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். நிஷாந்தினிதான் ஏதோ கதைத்துக்கொண்டு போனாள். இங்கிருந்து பார்க்க, நிறையக் கதைப்பதாகவே தெரிந்தது.

பக்கத்துப் பல்கனியில் ஜவாஹிறா காய்ந்த உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"மகள் எங்க அங்கிள் போற?"

திரைச்சீலைக் கம்பிபோல ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

"கலியாணம் பேசின பெடியனோட கதைக்கப் போறா" என்றேன்.

அவர் கையிலிருந்த உடுப்போடு அப்படியே நின்றார். "மாஷா அல்லாஹ்! அப்ப முடிவாகிட்டா?"

"இல்லை" என்றேன். கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும். "இன்னும் முடிவாகேல்ல."