ஆர்கானுக்குப் பதில் மச்சான்

எவர்சில்வர் தொட்டியில் இன்னும் ஒரே ஒரு இணைப்புதான் பாக்கி. சாயங்காலம் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பார்கள். ஒரு சொட்டும் கசியாவிட்டால் அவளுக்கு வெல்டர் வேலை நிரந்தரம். கசிந்தால் நாளையிலிருந்து வீட்டில்தான். முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங் டார்ச்சை வைத்தாள். இரண்டு அங்குலம் போவதற்குள் எவர்சில்வர் கருகி, ஓட்டை ஓட்டையாய்ப் பொங்கியது.

திரும்பிப் பார்த்தாள். ஆர்கான் வாயு சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு முதலாளி நின்றிருந்தார்.

"மூணு நாளா இதைக் கவனிக்கிறேன். எரியுதா? இல்ல. நாறுதா? அதுவும் இல்ல. புஸ்ஸுன்னு வருது, போகுது. என் பட்டறையில சும்மா இருக்கறவங்களுக்கு இடமில்ல."

"சும்மா இருக்கறதுதாங்க அதோட வேலை." அவள் முகமூடியைத் தூக்கினாள். "உருகுற இடத்தைச் சுத்தி நின்னு காத்தை அண்ட விடாது. அதுவா எதையும் செய்யாது."

மூலை நாற்காலியில் கண்மூடியிருந்த முதலாளியின் மச்சான் நிமிர்ந்தார். "மாமா, பத்து வருஷமா என்ன கிழிச்சேன்னு கேட்டீங்களே. இதைத்தான்!"

முதலாளி யோசித்தார். மச்சானுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, நாற்காலியோடு தொட்டியருகே இழுத்துப் போட்டார்.

"சிலிண்டர் வேணாம். இவன் போதும். எதுவும் செய்யாதடா."

"எனக்கே சொல்றீங்களா?"

அவள் டார்ச்சை வைத்தாள். பொறி தெறித்தது. "ஐயோ அம்மா!" என்று துள்ளி எழுந்த மச்சான், தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் படபடவென்று விசிறினார். இணைப்பு முன்னைவிட மோசமாய்க் கருகியது.

"எவ்வளவு சூட்டுக்கும் ஆர்கான் அசையாதுங்க," என்றாள். "இவரு ஒரு பொறிக்கே எழுந்துட்டாரு."

முதலாளி மச்சானை மேலும் கீழும் பார்த்தார். "பத்து வருஷமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தியும் எழுந்திரிக்காதவன்மா இவன்!"

போய் சிலிண்டரின் வால்வைத் திறந்தார். அவள் கருகியதைத் தேய்த்தெடுத்து மறுபடி வெல்டிங் செய்தாள். உலோகம் பளபளப்பாய், ஒரே சீராய் ஓடி இறுகியது. தண்ணீரை வாளி வாளியாய்ச் சுமந்து நிரப்பியது மச்சான்.

முதலாளி மண்டியிட்டு இணைப்பை விரலால் தடவினார். விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி தடவினார். விரல் காய்ந்தே இருந்தது.

"நாளையிலேர்ந்து நீ நிரந்தரம்மா."

மச்சான் மூச்சிரைத்தார். "மாமா, இன்னும் ஒரே ஒரு தடவை நெருப்புப் பக்கத்துல உட்கார வச்சுப் பாருங்க. இந்தத் தடவை அசையவே மாட்டேன்."

"வாளியை எடு," என்றார் முதலாளி. "அடுத்த தொட்டி இதைவிடப் பெருசு."