ஆறேகால் வேன்

வேதாவுக்குத் தன்மேல் சந்தேகம் வந்ததே கிடையாது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பதினாறு வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள்; அதில் கடைசி ஏழு வருஷமாகப் பிஎச்.டி.யும் செய்கிறாள். ஆராய்ச்சியின் முடிவு என்ன என்று முதல் வருஷமே அவளுக்குத் தெரியும். நிரூபிப்பது மட்டும்தான் பாக்கி.

அவள் சொல்வது இதுதான்: மொழி நோட்டில் இல்லை, வாயில் இருக்கிறது. இலக்கணத்தை உருப்போட வைத்துவிட்டுப் பேசச் சொன்னால் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். பேசியே தீரவேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், தப்பும் தவறுமாக ஆரம்பித்துத் தாமே தேறிவிடுவார்கள். இதையே எண்பது பக்கம் எழுதியிருந்தாள். ஆனால் ஆராய்ச்சி என்றால் ஆதாரம் கேட்பார்களே. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் இருபத்துநான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஏ பேட்ச்சுக்குச் சனிக்கிழமையும் பி பேட்ச்சுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு.

ஏ பேட்ச்சில் நாடகம்தான். மீட்டிங் ரூமில் காபி கொட்டிவிட்டது, மேனேஜர் கத்துகிறார், நீ என்ன சொல்வாய்? பி பேட்ச்சில் பழைய பல்லவி: விதி, வாய்பாடு, தமிழ் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதுவது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். பி பேட்ச் தேறாமல் இருந்தால்தான் வேதாவுக்குப் பட்டம் என்று பச்சையாகவும் சொல்லலாம். அது அவளை உறுத்தத்தான் செய்தது. எல்லாம் முடிந்த பிறகு அவர்களுக்கும் நல்ல பாடத்தை நடத்திவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முதல் நாளே ஏ பேட்ச்சிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "உங்க நோட்டை பி பேட்ச்ல யாருக்கும் காட்டக்கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். அதுவும் போதாதென்று, வகுப்பு முடிந்ததும் நோட்டுகளை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு வாரம் கழித்துப் பேச்சுத் தேர்வு. யார் எந்த பேட்ச் என்று தெரியாத வேறொரு ஆசிரியை வந்து மார்க் போட்டார். ஏ பேட்ச்சின் சராசரி அறுபத்தாறு. பி பேட்ச்சின் சராசரி அறுபது. வேதா மறுபடி கூட்டினாள். கால்குலேட்டரை மாற்றியும் கூட்டினாள். அறுபது அறுபதாகவே இருந்தது. நாற்பதைத் தாண்டாது என்று பந்தயம் கட்டியிருப்பாள்.

அவளுடைய கைடு ஏகநாதன், மார்க் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பி பேட்ச்ல மூணு பேர்தான் நாற்பதுக்குக் கீழே. மத்த ஒன்பது பேரும் எங்கேயோ போயிட்டாங்க. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க வேதா. ஒப்பிட வெச்சிருந்த கன்ட்ரோல் குரூப்பே போச்சு."

"இப்ப என்ன சார் பண்றது?"

"இருபதாம் தேதி கமிட்டி. இது உங்களுக்குக் கடைசி எக்ஸ்டென்ஷன். இந்த ஒன்பது பேரையும் பாதியில நின்னுட்டாங்கன்னு காட்டிடுங்க. போன வருஷம் கோவிலம்பாக்கத்துல ஒரு பேட்ச்சுக்கு கிராமர் நடத்தினீங்களே, அந்த மார்க்கை இங்க போட்டா டேபிள் நின்னுடும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே பூசணிக்காய் ஒன்றல்ல, ஒன்பது. ஆனால் ஏழு வருஷம் என்பதும் லேசுப்பட்டதில்லை. அன்று மத்தியானமே லேப்டாப்பைத் திறந்து ஒன்பது பெயர்களையும் அழித்தாள். டேபிள் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேதாவுக்குத்தான் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா மாடியேறி வந்தாள். அழிக்கப்பட்ட ஒன்பது பெயர்களில் முதல் பெயர் அவளுடையது. நாற்பது வயதிருக்கும், பி பேட்ச்சில் முதல் பெஞ்சு.

"மார்க் வந்துட்ச்சாமே மிஸ். எனக்கு எவ்ளோ?"

வேதா பேனாவை உருட்டினாள்.

"எட்டாவதுல இங்கிலீஷ்ல ஃபெயிலு. அத்தோட நிறுத்திட்டாங்க. இதாவது பாஸான்னு தெரிஞ்சா வூட்ல சொல்லிக்குவேன்."

"பாஸ்தான்," என்றாள் வேதா. "நல்ல மார்க். ஆனா உங்களுக்கு நான் அப்படிப் பேசச் சொல்லித் தரலியே. ஏ பேட்ச்ல யாராவது நோட்டைக் காட்டினாங்களா?"

கன்னியம்மாவுக்குச் சுருக்கென்றது. "சத்தியமா இல்ல மிஸ். ஏ பேட்ச் ஜான்சி கண்ணுல கூட காட்டல. நீங்க காட்டக்கூடாதுன்னு சொன்னீங்களாம். பேசினோம், அவ்ளோதான்."

"எங்கே?"

"கம்பெனி வேன்லதான். சிறுசேரி போறதுக்கு ஒன்னேகால் மணி நேரம் ஆவுது, வேற இன்னா வேலை? ஏ பேட்ச் மொத்தமும் அதுலதான் வருது. பி பேட்ச்ல நாங்க ஒன்பது பேரு. மீதி மூணு பேரு பஸ்ல வருதுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். ஒரு பந்திக்குப் பாயசமும் பக்கத்துப் பந்திக்கு வெறும் ரசமும் போட்டா, பாயசக்காரி கிண்ணத்தை நகர்த்தத்தான் செய்வா."

வேதாவுக்கு முகம் சூடேறியது. கோபம் கன்னியம்மாவின் மேல் இல்லை. மொழி நோட்டில் இல்லை என்று எண்பது பக்கம் எழுதியவள், பூட்டும்போது நோட்டைப் பூட்டியிருக்கிறாள். இதைவிட அசட்டுத்தனமாக ஒரு வாத்தியார் இருக்க முடியாது என்று தன்னையே நன்றாகத் திட்டிக்கொண்டாள். அன்றைக்கே ஒன்பது பெயர்களையும் பழைய இடத்தில் சேர்த்தாள்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் அந்த வேனில் ஏறினாள். எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு போனில் ரெக்கார்டரைப் போட்டாள். மேடவாக்கம் வருவதற்குள் வேன் ஆபீஸாகிவிட்டது. ஏ பேட்ச் ஜான்சி சீட்டில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு சாஃப்ட்வேர்காரராக மாறினாள்.

"ஹலோ, திஸ் டேபிள் வெரி டர்ட்டி. ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள்?"

"சாரி சார்," என்றாள் கன்னியம்மா. "ஃபைவ் மினிட்ஸ் பிஃபோர் ஐ க்ளீன். யூ ஈட் சமோசா ஹியர்?"

வேனே சிரித்தது. ஜான்சி மட்டும் சிரிக்கவில்லை. "கேள்வி கரெக்ட்டுக்கா. மூஞ்சிதான் சண்டைக்கு வர மாதிரி கீது. சிரிச்சிகினே கேளு. இன்னொரு வாட்டி."

வேதா அந்த வாரம் ஐந்து நாளும் வேனில் போனாள். ஒரு புது அத்தியாயமே எழுதினாள்.

இருபதாம் தேதி கமிட்டியில் அவள் நிமிர்ந்துதான் நின்றாள். ஏகநாதன் நிமிரவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் அம்மாள் வேன் பேச்சை நாலு நிமிஷம் கேட்டார். சமோசா வந்தபோது சிரிப்பு எட்டிப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"நோட்டைப் பூட்டி வெச்சிருக்கீங்க. அவங்க பேசிப்பாங்கன்னு தோணவே இல்லையா?"

"தோணல மேடம். என் ஆராய்ச்சியை நானே நம்பலைன்னுதான் அர்த்தம். புது அத்தியாயத்துல முதல் வரியே அதுதான்."

"இந்த ஒன்பது பேரை எடுத்திருந்தா டேபிள் சுத்தமா இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். நான் சொல்ல வந்தது பொய்யாயிருக்கும். வேன்ல வராத மூணு பேர் தேறல, வந்த ஒன்பது பேர் தேறியிருக்காங்க. எனக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது."

அம்மாள் பேனாவைத் திறந்தார். "தலைப்பை மாத்துங்க. வேன்தான் மையம். மூணு மாசத்துல சமர்ப்பிங்க." கையெழுத்து விழுந்தது. வெளியே வந்ததும் ஏகநாதன், "நான் அப்பவே நினைச்சேன், அந்த ஒன்பது பேர்கிட்டதான் விஷயம் இருக்குன்னு," என்றார். வேதா பெரிய மனசு பண்ணி அதை விட்டுவிட்டாள்.

மறுநாள் ஆறேகாலுக்கு மார்க் சீட்டுகளோடு ஜங்ஷனில் நின்றாள். கன்னியம்மா தன்னுடையதை வாங்கி இரண்டு முறை பார்த்தாள். எழுபத்தொன்று. பிறகு எட்டி ஜான்சியுடையதைப் பார்த்தாள். அறுபத்தெட்டு.

"உங்களை மிஞ்சிட்டாங்களே ஜான்சி," என்றாள் வேதா.

"அதுக்குத்தானே மிஸ் சொல்லிக் குடுத்தது," என்றாள் ஜான்சி.

வேதா மீதி மூன்று சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். தேறாத மூன்று பேருடையவை. அவர்களுக்குத் தனியாக வகுப்பு எடுப்பதாக எப்போதோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டது ஞாபகம் வந்தது. "பஸ்ல போறவங்களை எங்கே பார்க்கலாம்?"

"இங்கயேதான்," என்று கன்னியம்மா வேனின் கடைசி சீட்டைக் காட்டினாள். நாலு பேர் உட்காரும் இடத்தில் ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த மூவர். "டிரைவர் சவுரிமுத்து அண்ணங்கிட்ட பேசி இன்னிலேர்ந்து ஏத்திக்கினோம் மிஸ். நீங்களும் ஏறுங்க, லேட்டாவுது."