இரண்டு வரி செங்கல்

"சுத்தியலை இப்படிக் குடுங்க" என்று டிரைவர் கை நீட்டினார். மேஸ்திரி கொடுக்கவில்லை.

புதிதாக எழுப்பிய இரண்டு செங்கல் கால்கள், சுவரில் சாய்த்து வைத்த கறுப்புக் கல், ஒரு மூலையில் கலவைச் சட்டி. இத்தனையும் போக அந்தச் சின்ன சமையலறையில் இரண்டு பேர் நிற்பதே பெரிய விஷயம். இதில் சண்டை வேறு.

"அம்மா சொன்ன அளவு இதுதான், டிரைவர் சார். மூணு தடவை கேட்டுட்டுத்தான் கோடு போட்டேன்."

"அவ எவ்வளவு உயரம்னு உங்களுக்குத் தெரியாதா? என் தோளுக்குக்கூட வரமாட்டா. இந்த மேடையில அவ எப்படிச் சமைப்பா? தாடையை வச்சுக்கிட்டு வேடிக்கைதான் பாக்கணும்."

மேஸ்திரி சுவரில் சிவப்புப் பென்சிலால் போட்டிருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "எதுக்கும் நீங்க ஒரு வார்த்தை அவங்களைக் கேட்டுக்கங்க."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? மாத்திரை மயக்கத்துல தப்பாச் சொல்லியிருக்கா. நீங்களும் மண்டையை ஆட்டிட்டுக் கட்டியிருக்கீங்க. ரெண்டு வரி எடுத்தாத்தான் சரியா வரும்."

பஸ் ஓட்டுவதை விட்டு வெகுநாள் ஆகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். வீட்டுக்குள் அவருக்கு வேறு பெயர். மனைவி அவரை ஏணி என்பாள். சமையலறையில் அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் மேல்தட்டு டப்பாக்களை எடுத்துக் கொடுப்பது. "ஏணி, கொஞ்சம் வாங்க" என்று குரல் வரும். போவார், எடுத்துக் கொடுப்பார், வந்துவிடுவார். அவர் வெளியே போயிருந்தால் அவள் ஒரு மரப்பலகையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து அதன்மேல் ஏறி நிற்பாள். அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று யாராவது கேட்டிருந்தால் அவர் திருதிருவென்று விழித்திருப்பார்.

பழைய மேடை ஓரமெல்லாம் பெயர்ந்து, தண்ணீர் நடுவில் தேங்கி நிற்கும். இடித்துக் கட்டலாம் என்று அவள் கேட்கும்போதெல்லாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. அவளுக்கு வியாதிதான் வந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று மகள் வராந்தா ஓரமாகப் போய் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இவரோ, டாக்டரே வீட்டுக்கு அனுப்பிட்டார் என்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் படுக்கையில் இருந்தபடியே அவள், "இப்பவாவது அந்த மேடையை இடிச்சுக் கட்டலாமா?" என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறை கட்டத் திட்டம் போடுகிறவள் போய்விடுவாளா என்ன? அவளுக்கென்று ஒரு மேடை எழும்பி நின்றுவிட்டால் அவளும் எழுந்து வந்துதான் ஆகவேண்டும். இது அவர் போட்ட கணக்கு. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எதிர்த்துப் பேசுவார்கள்.

கதவருகே மகள் வந்து நின்றாள். தூசி போகாமல் இருக்க அம்மாவின் அறை வாசலில் ஈரத்துணி கட்டி அலுத்த முகம்.

"அப்பா, இப்பத்தான் அம்மா கண்ணசந்தாங்க. இன்னிக்கு இது வேண்டாமே. எல்லாம் முடிஞ்ச பிறகு பாத்துக்கலாம்."

"எது முடிஞ்ச பிறகு?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "யாரு இதுல சமைக்கப் போறாங்கப்பா?" என்றாள்.

"உங்கம்மா" என்று சொல்லி, மேஸ்திரியின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினார்.

முந்தின நாள் வைத்த கலவை இன்னும் முழுசாக இறுகவில்லை. செங்கற்கள் அதிகம் அடம்பிடிக்காமல் பெயர்ந்து வந்தன. இந்தப் பக்கம் இரண்டு வரி, அந்தப் பக்கம் இரண்டு வரி. கூட வரவேண்டிய ஆள் வராததால் கல்லின் ஒரு முனையை டிரைவரே தூக்கினார். இத்தனை வருஷம் பஸ்ஸில் உட்கார்ந்த இடுப்பு சுரீர் என்றது. மேஸ்திரி தலையைக் குனிந்தபடி வேலையை முடித்தார். பேசினால் வம்பு என்று அவர் முகமே சொன்னது.

மதியம் ஈரத்துணியை ஒதுக்கிவிட்டு டிரைவர் அவள் அறைக்குள் போனார். கண்களைத் திறந்து அவருக்காகவே காத்திருந்த மாதிரி கிடந்தாள்.

"கல்லு போட்டாச்சா?"

"போட்டாச்சு. கண்ணாடி மாதிரி இருக்கு. நீ அதுலயே பாத்துத் தலை வாரிக்கலாம்."

சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது. அது அடங்கும்வரை அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கையில் எலும்புதான் தட்டுப்பட்டது.

"காலையில எதையோ இடிச்சீங்களே?"

"பழசு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்தது."

"நின்னு பாத்தீங்களா?"

"யாரு?"

"நீங்கதான். குனியாம நிக்க முடியுதா?"

"நான் எதுக்கு நிக்கணும்?"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவளுக்கு மூச்சைச் சேர்த்து வைக்கவேண்டியிருந்தது. "ஒரு டம்ளர் கழுவக் குனிஞ்சாலே ஒரு மணி நேரம் முனகுவீங்க. அந்தப் பழைய மேடை உங்க இடுப்புக்கு ஒத்து வராது. அதான் உங்க அளவுக்குப் போடச் சொன்னேன். தினமும் கடையில சாப்பிட்டா உங்க வயிறு தாங்காது."

போன வாரம் நடந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறை வாசலில் உட்கார வைக்கச் சொன்னாள். மேஸ்திரி சுவரோரமாக நின்றிருந்தார். "ஏணி, இந்தத் தட்டைக் கொஞ்சம் பிடிங்க. ஆங், அப்படித்தான், கையை மடக்கிட்டு, அசையாம" என்றாள். இது என்ன விளையாட்டு என்று முணுமுணுத்துக்கொண்டே வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேஸ்திரி சிவப்புப் பென்சிலால் சுவரில் எதையோ கிறுக்கினார். தட்டைத் திருப்பி வாங்கும்போது அவள் முகம் தெளிந்திருந்தது.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. அவள் எழுந்து வருவதற்கென்று இவர் கட்டிக்கொண்டிருக்க, அவள் படுத்தபடியே கிளம்புவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறாள். அதற்கும் இவர் கையாலேயே தட்டைப் பிடிக்க வைத்திருக்கிறாள்.

"நீ எழுந்து வந்து சமைப்ப" என்றார். சண்டை போடுகிற குரலாக வந்தது அது.

"வந்தா நல்லதுதான். நான் பலகை போட்டு ஏறி நின்னுக்கறேன். எனக்கென்ன, பழகினதுதானே. உங்க உயரத்தை எங்க கொண்டுபோய் வைக்கறது?"

அவர் போர்வையை அவள் கால்வரை இழுத்துவிட்டார்.

"சரியா இருக்குல்ல?" என்றாள் மறுபடியும்.

"சரியா இருக்கு."

"சாயங்காலம் என்னை அங்க தூக்கிட்டுப் போங்க. நீங்க நிக்கறதைப் பாக்கணும்."

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். மேஸ்திரி குழாயடியில் கலவைக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மேடை அவளுடைய உயரத்துக்குப் பளபளவென்று கிடந்தது. டிரைவர் அதன் முன்னால் நின்று பார்த்தார். கை வைக்கப் பாதி முதுகை மடிக்கவேண்டியிருந்தது. இது இப்படியே இருந்தால் அவள் வருவாள் என்று இன்னும் கொஞ்ச நாள் நம்பிக்கொள்ளலாம். உயர்த்திவிட்டால் அவள் போவதற்கு அவரும் சரி என்று சொன்ன மாதிரி. எந்தப் பெண்டாட்டி புருஷனிடம் இப்படி ஒரு சம்மதத்தைக் கேட்பாள்? சுவரில் இருந்த சிவப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"மேஸ்திரி" என்றார் கடைசியில். "போகாதீங்க. அந்த ரெண்டு வரியையும் திரும்ப வைக்கணும். சாயங்காலத்துக்குள்ள."

மேஸ்திரி கரண்டியை உதறினார். காலையில் பிடித்த சண்டையைச் சொல்லிக்காட்ட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. "சொல்லக்கூடாதுன்னு அம்மா கேட்டுக்கிட்டாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டியில் தண்ணீர் ஊற்றினார்.

கல்லை இறக்கி மறுபடியும் சுவரில் சாய்த்தார்கள். பெயர்த்த செங்கற்களைச் சுரண்டி டிரைவர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, மேஸ்திரி வைத்துக்கொண்டே போனார். சிவப்புக் கோட்டை எட்டியதும், "இப்பத் தூக்கணும். உங்களால முடியுமா? பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றார்.

"நான் பிடிக்கறேன்."

காலையில் தூக்கியதைவிட இப்போது உயரம் அதிகம். கல் நெஞ்சுவரை வந்தது. மேஸ்திரி தன் முனையைச் செங்கல் மேல் இறக்கிவிட்டு, சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு டிரைவர் பக்கம் வந்து குனிந்தார். "இந்தப் பக்கம் கொஞ்சம் சாயுது. அப்படியே பிடிங்க. கலவை வச்சிடறேன்."

அப்போதுதான் அறையிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா."

சாதாரணமாகக் கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது. படுத்திருப்பவள் தண்ணீர் கேட்கிறாளோ என்னவோ.

"வரேம்மா, ஒரு நிமிஷம்."

"அப்பா!"

இரண்டாவது குரல் சாதாரணமாக இல்லை. டிரைவர் அறைப் பக்கம் திரும்பினார். கல் ஆடியது.

"விட்டுடாதீங்க சார்" என்றார் கீழே இருந்து மேஸ்திரி. அவருடைய இரண்டு கைகளும் கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருந்தன. "என் கை உள்ளே இருக்கு. விட்டுடாதீங்க."

டிரைவர் விடவில்லை. இடுப்பு தெறித்தது. கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. துடைக்கக் கை இல்லை. அறையில் மகள், "அம்மா, அம்மா, இங்க பாருங்க" என்று சொல்வது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. மேஸ்திரி கலவையை அழுத்தினார், ஓரத்தை வழித்தார், கைகளை வெளியே எடுத்தார். "இறக்குங்க. மெதுவா." டிரைவர் மெதுவாகத்தான் இறக்கினார். கல் உட்கார்ந்தது. ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது.

அதற்குப் பிறகுதான் அவர் ஈரத்துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். கையெல்லாம் கலவை. எங்கே தொடுவது என்று தெரியாமல் கட்டிலருகே நின்றார். மகள் எழுந்து வழிவிட்டாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து கூட்டம் சுடுகாட்டிலிருந்து வீடு திரும்பியபோது மாலையாகிவிட்டது. யார் முகத்திலும் களை இல்லை. எல்லோருக்கும் ஒரு வாய் டீ கொடுக்கலாம் என்று மனைவியின் தங்கை, வேலைக்காக வராந்தாவில் வைத்திருந்த அடுப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவளும் அக்காவைப் போலவே குள்ளம். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவள் குரல் வந்தது.

"யாருக்கு அளந்து கட்டினாங்க இந்த மேடையை? எனக்குக் கழுத்து வரைக்கும் வருது. அக்கா எப்படி இதுல நின்னிருப்பா? அந்த மேஸ்திரிக்குக் கண்ணு எங்க இருந்தது?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் எழுந்து உள்ளே போனார்.

தங்கை கதவிடுக்கில் கிடந்த பழைய மரப்பலகையைக் கண்டுபிடித்து, காலால் தள்ளிக்கொண்டு வந்து ஏறி நின்றிருந்தாள். "நீங்க போய் உக்காருங்க அத்தான், நான் போடறேன்."

"இல்ல, நான் போடறேன். எப்படின்னு மட்டும் சொல்லு."

அவள் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். அவருடைய முதுகையும், மடங்கிய முழங்கைகளையும், அவற்றுக்குக் கீழே இருந்த கல்லையும் பார்த்தாள். பலகையிலிருந்து இறங்கி நகர்ந்து நின்றாள்.

"முதல்ல தண்ணி வைங்க" என்றாள், மெல்லிய குரலில். "அப்புறம் அடுப்பைப் பத்த வைங்க."

தண்ணீரை வைத்தார். முதல் தீக்குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது குச்சி பற்றியபோது அடுப்பை எதிர்ப்பக்கம் திருகிவிட்டார், அதுவும் அணைந்தது. கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அவர் நிமிர்ந்து நின்றபடியே மூன்றாவது குச்சியை எடுத்தார்.