பெருக்கல் குறி போட்ட முட்டைகள்

முட்டையைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்றுதான் அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் எல்லோரும் அவரைக் கோழி அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் பதினெட்டு வருஷம், கரு ஓட்டோடு ஒட்டாமலிருக்க நாளுக்கு மூன்று வேளை முட்டை திருப்பிய கை. நோய் பரவிப் பொரிப்பகத்தை இழுத்து மூடியபோது, ஐம்பத்திரண்டு வயதுக்காரரை எவனும் சீந்தவில்லை. ஆமை முட்டைக்குள் இதயம் எப்படி உருவாகிறது என்று ஆராயும் டாக்டரம்மாதான் இன்குபேட்டர் அறையில் வேலை போட்டுக் கொடுத்தார். சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"அண்ணே, ஆமை இதயத்துல கீழறை ஒண்ணுதான். நடுவுல பாதிச் சுவர்தான் எழும்பும்" என்று முதல் நாளே விளக்கினார்.

"பாகம் பிரிச்சு, சுவரைப் பாதியில விட்ட வீடு மாதிரிங்களா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதேதான்! அந்தச் சுவர் எப்படி எழும்ப ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சா, இதயத்துல ஓட்டையோட பொறக்கிற குழந்தைங்களைப் பத்திக் கொஞ்சமாவது புரியும்."

நான்கு வருஷம் காத்துக் கிடந்து கிடைத்தவை ஒன்பதே முட்டைகள். போட்ட ஆமையும் செத்துப்போனது. இன்னும் ஒரு வாரத்தில் சுவர் எழும்பத் தொடங்கும் என்றிருந்த நேரம் பார்த்து, டாக்டரம்மாவின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். "சூட்டைப் பாருங்க, தண்ணி வத்தினா ஊத்துங்க. அவ்வளவுதாண்ணே" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அரக்கப்பரக்க ஊருக்கு ஓடினார். அதுவரை முட்டைகள் இருந்த இன்குபேட்டர் பெட்டியை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை.

நம்ம ஆள் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பொரிப்பகத்திலும் இதே வழக்கம்தான். ஒரு பக்கம் பெருக்கல், மறுபக்கம் சுழி. எதைத் திருப்பினோம் என்று குழம்பாமல் இருக்க. இங்கே சுழியைக் காணோம். எவ்வளவு படித்து என்ன, சுழி போட மறந்துவிட்டாரே, பாவம், திருப்பச் சொல்லவும் மறந்துவிட்டாரே என்று பரிதாபப்பட்டார். பென்சிலைச் சீவி ஒன்பது சுழிகளை அழகாகப் போட்டார். அன்றிலிருந்து நாளுக்கு மூன்று வேளை, பூப்போலத் திருப்பி வைத்தார். யாரும் கேட்காமலே செய்கிற வேலையில் ஒரு பெருமை இருக்கிறதே, அது அவர் முகத்தில் வழிந்தது.

மூன்றாம் நாள் மதியம் ரயிலில் இருந்து டாக்டரம்மா போன் செய்தார்.

"ஆறு மணிக்கு வந்துடுவேண்ணே. ஆனா மனசு கேக்கல. ஒரு தடவை டார்ச் அடிச்சு, இதயம் அடிக்குதான்னு பாத்துச் சொல்லுங்களேன். குறி மேல் பக்கமாவே இருக்கணும், தப்பித்தவறிக்கூடத் திருப்பிடாதீங்க. கோழி முட்டை மாதிரி இல்ல இது. கரு மேல் ஓட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும். புரண்டா போச்சு."

அவர் பெட்டியைத் திறந்தார். பெட்டிக்குள் அவர் போட்ட ஒன்பது சுழிகளும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு முதல் முட்டைக்கு டார்ச் அடித்தார். உள்ளே சிவப்பாக ஒரு வளையம். ரத்தக் குழாய்கள் அறுந்து ஓட்டோரம் ஒதுங்கிய வளையம். பொரிப்பகத்தில் எத்தனை பார்த்திருக்கிறார்! செத்த முட்டை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். கடவுளே, ஒன்றையாவது விட்டுவை என்று மனசுக்குள் கதறினார்.

"என்னண்ணே, தெரியுதா?"

"பாக்குறேம்மா."

எட்டும் போய்விட்டன. ஒன்பதாவதில் நூல் நூலாகக் குழாய்கள். நடுவில் கடுகளவு ஒரு சிவப்பு துடித்தது.

"அடிக்குதும்மா! அடிக்குது!"

"அப்பாடா! ஒரு நிமிஷத்துக்கு எத்தனைன்னு சத்தமா எண்ணுங்க. அறுபதுக்கு மேல வரணும்."

எண்ணினார். பத்து வரை சரளமாக வந்தது. பதினைந்துக்கு மேல் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கூடிக்கொண்டே போனது. இருபத்தொன்று. இருபத்திரண்டுக்குக் காத்திருந்தார். இருபத்துமூன்றுக்கு அதைவிட நேரம் ஆயிற்று. அதன்பிறகு அந்தப் புள்ளி அசையவில்லை. டார்ச்சை இன்னும் ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். அசையவே இல்லை.

"இருபத்திநாலு" என்றது அவர் வாய். "இருபத்தஞ்சு. இருபத்தாறு." சுவர்க் கடிகாரம்தான் எடுத்துக் கொடுத்தது. அதன் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு எண் சொன்னார். நிறுத்தினால் செத்துவிடும் என்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். முப்பத்தைந்தைத் தாண்டியும் நிறுத்தவில்லை.

"போதும்ண்ணே" என்றார் டாக்டரம்மா.

அவர் எண்ணுவதை நிறுத்தினார்.

"நிக்கப் போற இதயம் திடீர்னு இவ்வளவு சீரா அடிக்காதுண்ணே. இருபத்திமூணுலயே நின்னுடுச்சு, இல்ல?"

அவர் டார்ச்சை அணைத்தார்.

"ஒன்பதும் போச்சும்மா. நான்தான் திருப்பினேன்" என்றார். "ஒரு வேளைகூடத் தவறாமத் திருப்பினேன்."