லென்ஸுக்கு ஒரு விரற்கடை தள்ளி

அன்று காலை ஆறு மணிக்கே அத்தை போன் செய்துவிட்டார். அத்தை என்றால் என் மாமியார். அவர் மகனும் நானும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் மட்டும் என்னைவிட்டுப் பிரிவதாக இல்லை.

"நாளைக்கு மத்தியானம் அவனுக்கு ஃப்ளைட்டு. ரெண்டு வருஷ வேலை. தெரியுமில்ல?"

"தெரியும் அத்தை."

"இன்னிக்குப் பூரா ஒரே வீட்டுக்குள்ளதானே வேலை பாக்கப் போறீங்க? வாயைத் தொறந்து போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கார்?"

"'போ'ன்னு சொன்னப்ப கேட்டான்ல!"

உண்மைதான். ஒரு சண்டையில், கோபத்தின் உச்சத்தில், போ என்றேன். எட்டு வருடம் என் பேச்சில் ஒன்றைக்கூட மதிக்காத மனிதன், அந்த ஒன்றை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டான். அவனும் டைரக்டர், நானும் கிட்டத்தட்ட அதே ரகம். ஒரு வீட்டில் இரண்டு பேர் 'கட்' சொல்லிக்கொண்டிருந்தால் குடும்பம் எப்படி ஓடும்?

வெளிச்சம் போவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கேமராப் பையைத் தூக்கினேன்.

வீட்டில் அணியும் பருத்தி உடைகளுக்கான விளம்பரம் அது. கம்பெனி வீடியோவும் கேட்டிருந்தது, புகைப்படமும் கேட்டிருந்தது. வீடியோ அவனுடையது, புகைப்படம் என்னுடையது. எங்களைச் சேர்த்துக் கூப்பிடுவது விளம்பர ஏஜென்சிக்குப் பழக்கமாகிவிட்டது. நாங்கள் பிரிந்த சேதி அவர்களுடைய பட்டியலில் இன்னும் ஏறவில்லை போலிருக்கிறது.

நாள் வாடகைக்குப் பிடித்த வீடு. சொந்தக்காரர்களின் கல்யாணப் படம், குழந்தைகள் படம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பெட்டியில் போட்டுவிட்டு, அந்த ஆணிகளில் யாரென்றே தெரியாதவர்கள் சிரிக்கும் படங்களை மாட்டியிருந்தார்கள். கட்டிலை இழுத்து ஜன்னலோரம் போட்டாயிற்று. கோப்பையிலிருந்து ஆவி பறக்கவேண்டும் என்பதற்காக உடைகளுக்குப் பொறுப்பான பெண், துணிக்கு நீராவி பிடிக்கும் கருவியோடு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தாள். சுகமான குடும்பக் காலை ஒன்றைத் தயாரிக்கப் பதினேழு பேர் வியர்த்துக்கொண்டிருந்தோம்.

மனைவியாக நடிக்கும் பெண் வந்துவிட்டாள். கணவனைத்தான் காணோம், வழியில் எங்கோ நெரிசலில் மாட்டிக்கொண்டானாம். அந்த ஜன்னலில் பத்தரை மணி வரைதான் வெளிச்சம் இருக்கும். அதற்குப்பின் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழுந்துவிடும். மாடல் வருவதற்குள் வெளிச்சத்தைச் சரிபார்த்துவிடவேண்டும். அதற்கு அந்த இடத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்தாகவேண்டும்.

"நீ உக்காரு," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. எட்டு வருடம் அவன்தான் உட்கார்ந்தான்.

"ஏன், உனக்கு வேற ஆளே கிடைக்கலியா?"

"கிடைச்சா உன்கிட்ட ஏன் கெஞ்சறேன்?"

"இது கெஞ்சறதா? நல்லாருக்கு," என்று சொல்லிக்கொண்டே போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். முகத்தை எந்தக் கோணத்தில் திருப்பவேண்டும் என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வெளிச்சம் பார்ப்பதற்கு மூன்று படம் போதும். மூன்று எடுத்தேன். வெளிச்சம் சரியாகவே இருந்தது. ஆனால் கேமராவை இறக்க மனம் வரவில்லை. காதோரம் நரை விழுந்திருந்தது. எந்த வருடம் விழுந்ததோ, நான் பார்க்கவில்லை. தாடைக்குக் கீழே சவரத்தில் விட்டுப்போன நாலைந்து முடி. அதைச் சொல்ல இப்போது அவனுக்கு ஆள் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமாகவும் பாவமாகவும் இருந்தது. காதை எடுத்தேன். கழுத்தை எடுத்தேன். முன்பு லைட் ஸ்டாண்டில் நசுங்கிய கட்டைவிரலை எடுத்தேன். இன்னும் கிட்டே போய், அவன் மூச்சுக் கேட்கும் தூரத்தில் நின்று, முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தேன். தொடவேண்டும்போலிருந்தது. கையில் கேமரா இருந்ததால் பிழைத்தேன்.

மேக்கப் அக்கா உள்ளே வந்து என் முழங்கையைக் கிள்ளினாள்.

"போதும்டி. அந்த ரூமுல கூட்டமே கூடிருச்சு."

அப்போதுதான் வயர் ஞாபகம் வந்தது. கேமராவிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகும். இங்கே நான் அழுத்த அழுத்த, கம்பெனி ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அடுத்த அறையில் பெரிய திரையில் படம் வந்து விழும். காலையில் அதைச் செருகியவளும் நான், மறந்தவளும் நான்.

போய்ப் பார்த்தேன். நாற்பத்தொரு படங்கள். திரை முழுக்க அவன் காது. அடுத்தது கட்டைவிரல். அடுத்தது கழுத்து. லைட்காரர் உத்தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மானம் கப்பலேறிவிட்டது.

கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜர் நல்ல பெண். அத்தனையையும் வேலையாகவே எடுத்துக்கொண்டாள், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டாள்.

"வெளிச்சம் ரொம்ப அழகா இருக்கு மேடம். ஆனா முகம் இருக்கற படத்துல எல்லாம் சார் கண்ணு கொஞ்சம் தள்ளிப் போகுது பாருங்க. கேமராவைப் பாக்கல. மாடல் வந்ததும் அதை மட்டும் கவனிச்சுக்கோங்க."

அப்போதுதான் கண்களைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. முகம் தெரிந்த எல்லாப் படத்திலும் பார்வை லென்ஸில் இல்லை. ஒரு விரற்கடை தள்ளி, இடப்பக்கம்.

நான் வலது கண்ணால் கேமராவுக்குள் பார்க்கிறவள். இடது கண்ணை மூடும் வழக்கமில்லை. அது கேமராவின் ஓரத்தில் திறந்தே இருக்கும். அவன் பார்த்தது அதை. புது மாடல்கள் இந்தத் தப்பைச் செய்வார்கள். லென்ஸைப் பார்ப்பதை விட்டுப் படமெடுப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள். "லென்ஸைப் பாருங்க, ஆளைப் பாக்காதீங்க" என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவனே அவன்தான். இருபது வருடம் இந்தத் தொழிலில் கிடப்பவன் அந்தத் தப்பைச் செய்திருந்தான், அதுவும் வரிசையாக.

திரும்பினேன். கதவோரம் நின்று அவனும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

"மாடல் வந்தாச்சு சார்," என்று யாரோ வாசலிலிருந்து குரல் கொடுத்தார்கள். அவன் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினான்.

அதற்குப்பின் மூச்சுவிட நேரமில்லை. காலையில்தான் கைகுலுக்கி அறிமுகமான அந்த இரண்டு பேரும் பத்து வருடம் குடித்தனம் நடத்தியவர்கள் மாதிரி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள், ஒரே கோப்பையில் குடித்தார்கள், போர்வைக்குச் சண்டை போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழி தீர்ப்பதுபோல அழகழகாக எடுத்துத் தள்ளினேன்.

சாயங்காலம் எல்லாம் பிரித்தாயிற்று. சொந்தக்காரர்களின் படங்கள் திரும்பச் சுவரேறின. நான் படுக்கையறையில் லென்ஸ்களைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே வந்தான்.

"அந்த டெஸ்ட் படத்தையெல்லாம் அழிச்சிடு."

"எதுக்கு?"

"கண்ணு தப்பா இருக்கு."

"கண்ணு சரியாத்தான் இருக்கு." துடைத்த லென்ஸையே திரும்பத் துடைத்தேன். "போகாதே."

முத்து ஒன்றும் உதிரவில்லை. என் குரல்தான் கேவலமாக உடைந்தது.

அவன், கட்டில் இருந்த இடத்தில் அடையாளத்துக்காகத் தரையில் ஒட்டியிருந்த டேப்பைக் குனிந்து உரித்தான். பிறகு சொன்னான்: "கையெழுத்து போட்டாச்சு. என்னை நம்பி அங்க ஆறு பேர் வேலையை விட்டுட்டு வர்றாங்க."

"தெரியும்."

"இந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை நாள் போனைப் பக்கத்துல வச்சிட்டுப் படுத்திருக்கேன் தெரியுமா? அப்புறம் ஒரு நாள் காத்திருக்கறத விட்டுட்டேன்."

"பாக்கறத விடலியே."

"அது கண்ணு. சொன்னா கேக்க மாட்டேங்குது." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அம்மாவை அப்பப்ப பாத்துக்கோ," என்றான். உரித்த டேப்பை உருண்டையாக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் ஜன்னலுக்குப் போகவில்லை. போயிருந்தால் பின்னாலேயே ஓடியிருப்பேன்.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. வாரம் ஒருமுறை அத்தையைப் போய்ப் பார்க்கிறேன். வார்த்தையைச் சொன்னேன் என்றேன். "லேட்டு," என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

படங்களை அழிக்கவில்லை. வேலை முடித்து வந்ததும் கம்ப்யூட்டரில் முகம் உள்ள படத்தில் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருகிறேன். தொழில் தெரிந்தவனாக லட்சணமாக லென்ஸைப் பார்த்திருந்தால், இன்றைக்கு எந்தப் படத்தைத் திறந்தாலும் அவன் என்னைப் பார்ப்பான். அன்று என்னைப் பார்த்துத் தொலைத்தான். அதனால் இனி ஒரு படத்திலும் என்னைப் பார்க்கமாட்டான். என் காதோரமாக, எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல, அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நேற்று நாற்காலியை இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தேன். அவன் பார்வையும் கூடவே நகர்ந்துகொண்டது.