கண்ணாடிக்கு முன்னால் தேகப்பயிற்சி

அந்த ஸ்பிரிங்கின் கிறீச்சுச் சத்தத்தைக் கேட்டாலே செல்வநாயகிக்கு வயிறு பற்றி எரியும். விடிந்தால் போதும், புருஷன் கதிர்காமநாதன் லண்டனிலிருந்து தபாலில் தருவித்த அந்தச் சாமானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவர்க்கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுவிடுவார். இழுப்பார், விடுவார், மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் மார்பைத் தானே பார்த்து ரசிப்பார். இடுப்புக்குக் கீழே ஒரு பயிற்சியும் கிடையாது. கண்ணாடிதான் அதோடு முடிந்துவிடுகிறதே! தனக்கு முதுகும் தொடையும் உண்டென்பது இடுப்புப் பிடிக்கிற நாளில் மட்டுந்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

பினாங்கு பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி உத்தியோகம், கணக்கெழுதுகிற குமாஸ்தா வேலை. வீட்டிலிருந்து கம்பெனிக் கந்தோர் கூப்பிடு தூரம். அதற்கும் ரிக்ஷா! நடப்பது கூலிகள் செய்கிற காரியமாம். ரிக்ஷாவில் போய், ரிக்ஷாவில் வந்து, பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுத் தேகப்பயிற்சி. இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழுவது?

ஆனால் அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. தை மாதத்தில் பெரிய கிராணி ஓய்வு பெறுகிறார்; அடுத்து மூப்பில் இருப்பவர் கதிர்காமநாதன். அந்தப் பதவியோடு மெக்காலிஸ்டர் ரோட்டில் கம்பெனி வீடும் வரும். பதவியை யார் கேட்டார்கள்? அவளுக்கு அந்த வீடு வேண்டும். கலியாணமாகிப் பினாங்குக்கு வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். கூடவிருப்பவர் அதே கம்பெனியின் இளைய கிராணி விநாசித்தம்பி. அடுப்புக்கு முறை, தண்ணீர்க் குழாய்க்கு முறை. விநாசித்தம்பியின் மனைவி அருந்ததி சோறு வடித்து முடிக்கிறவரை இவள் அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு காத்து நிற்கவேண்டும். தனக்கென்று ஓர் அடுப்படி; அவள் கேட்டது அவ்வளவுதான்.

புதுவருஷத்தன்று எஸ்பிளனேட் திடலில் விளையாட்டுப் போட்டி. கம்பெனியின் கணக்குப் பகுதியும் சரக்குப் பகுதியும் கயிறு இழுக்கப்போகின்றன. கணக்குப் பகுதிக்குக் கடைசி ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறவர், நம்முடைய கதிர்காமநாதன்.

"இஞ்சாருங்கோ, போன மாரியிலை இடுப்புப் பிடிச்சுக் கிடந்த கிடை மறந்து போச்சே? பதவி தன்பாட்டிலை வரும். பேசாமல் கதிரையிலை சாய்ஞ்சு இருங்கோ."

"உமக்கென்ன தெரியும்? எங்கடை வெள்ளைக்காரத் துரை ஸ்போர்ட்ஸ்காரனைத்தான் மதிப்பான். என்ரை நெஞ்சைப் பாரும்!"

"நெஞ்சாலையே கயிறு இழுக்கிறது? காலும் முதுகுமெல்லே இழுக்கிறது!"

"விசர்க் கதை கதைக்காதையும்."

அன்றைக்குத் திடலில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா, தலையிலடித்துக்கொள்வதா என்று தெரியாது. சரக்குப் பகுதி ஆட்கள் பனியனோடு திடலைச் சுற்றி மெல்ல ஓடினார்கள், குந்தி எழும்பினார்கள், முதுகை வளைத்து நிமிர்த்தினார்கள். அவர்களோடு நின்ற விநாசித்தம்பிக்கு வேர்த்து ஊற்றியது. கணக்குப் பகுதிக் கனவான்களோ கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு துரையின் கூடாரத்துக்குப் பக்கத்தில் விறைத்து நின்றார்கள். துரை கை குலுக்க வருகிற நேரத்தில் கோட்டில் வேர்வை தெரிந்தால் மானம் போய்விடுமாம்!

விசில்காரன் கூப்பிட்ட பிறகுதான் கதிர்காமநாதன் கோட்டைக் கழற்றினார். மடிப்புக் கலையாமல் அதைச் செல்வநாயகியின் மடியில் வைத்தார்.

"கொஞ்சம் கை காலை உதறிப்போட்டெண்டாலும் போங்கோ."

"உதறினால் வேர்க்கும். துரை இன்னும் என்னட்டை வரேல்லை."

விசில் ஊதியது. எல்லாரும் காலை ஊன்றிச் சாய்ந்தார்கள். கதிர்காமநாதன் மட்டும் மார்பை நிமிர்த்தியபடி ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். "ஐயோ!" என்ற சத்தம் கடற்கரைவரை கேட்டது. அதன் பிறகு கயிறு போன பக்கமே அவரும் போனார், புல்லில் இழுபட்டுக்கொண்டு.

முதுகுத் தசை கிழிந்துவிட்டது, மாதக்கணக்கில் படுக்கைதான் என்றார் டாக்டர். குளிர்ந்த உடம்போடு போய் யாராவது அப்படி இழுப்பார்களா என்றும் கேட்டார்.

அடுத்த கிழமை விநாசித்தம்பி தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலோரம் நெளிந்துகொண்டு நின்றார்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. துரை மார்கழியிலையே உங்கடை பேரைத்தான் முடிவெடுத்து வைச்சிருந்தவராம். இப்ப அந்தக் கதிரை இத்தினை மாதம் வெறுமையாக் கிடக்கேலாதெண்டு... எனக்குத் தந்திட்டார்."

வாசற்படியில் நின்ற செல்வநாயகியின் காதில் அது விழுந்தது. மார்கழியிலேயே முடிவாகியிருந்ததாம்! இந்த மனுஷன் ஒன்றுமே செய்யாமல் கதிரையில் குந்தியிருந்திருந்தால் வீடு தானாக வந்திருக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரந்தான் வந்தது.

மெக்காலிஸ்டர் ரோட்டு வீட்டுக்குப் போக அருந்ததி சட்டிபானைகளைக் கட்டினாள். போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இனி அடுப்படி முழுக்க உங்களுக்குத்தானே" என்றாள். அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் சுட்டது. வீட்டுக்காரன் அந்தப் பாதிக்கு வேறொரு குடும்பத்தைப் பேசி முடித்துவிட்டது அவளுக்கு எப்படித் தெரியும்?

மாட்டு வண்டி தெருமுனை திரும்பியதும் செல்வநாயகி உள்ளே வந்தாள். குப்புறக் கிடந்த கதிர்காமநாதன் முனகினார்.

"இஞ்சேரும், முதுகுக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசிவிடும்."

அவள் போத்தலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றினாள். முதுகில் கை வைக்கப் போகையில் அவர் பேசத் தொடங்கினார்.

"நான் நல்லா யோசிச்சுப் பாத்தனான். கடைசியிலை நிண்டதுதான் பிழை. அடுத்த வருஷம் முதல் ஆளா நிப்பன். அப்பத்தான் துரை என்ரை நெஞ்சை நேரை பாப்பான்."

செல்வநாயகி கையிலிருந்த எண்ணெயைத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டாள். போத்தலை மூடி, கட்டிலிலிருந்து நாலு முழம் தள்ளியிருந்த மேசையில் வைத்தாள்.

"எட்டி எடுத்துப் பூசுங்கோ. அதுவும் தேகப்பயிற்சிதான்."

சொல்லிவிட்டு, புதுக் குடித்தனக்காரி வந்து முறை கேட்பதற்குள் உலையை வைக்கப் போனாள்.